பச்சைப் பெட்டிக்காரனின் சத்தியம்

வேப்பனூத்து கிராமத்தில் நாற்பத்தொரு வோட்டு இருந்தது. நாற்பத்தொன்றும் ஒரே ஆளின் தலையசைப்பில் இருந்தது. அந்த ஆள் தலையை அசைக்கவில்லை.

எலெக்‌ஷனுக்கு இன்னும் நாலே நாள்.

நான் மதுரை வக்கீல் பட்டாபிராமனின் குமாஸ்தா. பெயர் ஹாலாஸ்யம். என் எஜமான் சட்டசபைக்கு நின்றார். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களை என் தலையில் கட்டி, ஒரு ஜட்கா வண்டியும் ஒரு மூட்டை பச்சை நோட்டீசும் கொடுத்து அனுப்பியிருந்தார். பச்சை எங்கள் பெட்டி. சிவப்பு பருத்தி மில் முதலாளியின் பெட்டி. நீலம் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. நீலக்காரர் எப்படியும் ஜெயித்துவிடுவார் என்று ஜில்லாவே சொன்னது. தொகுதிக்கு இரண்டு மெம்பர். மிச்சமிருந்த ஓர் இடத்துக்குத்தான் பச்சையும் சிவப்பும் முட்டிக்கொண்டன.

இரண்டு மெம்பர் என்பதால் ஆளுக்கு இரண்டு சீட்டு. இரண்டையும் வெவ்வேறு பெட்டியில் போடலாம், ஒரே பெட்டியிலும் போடலாம். சட்டப் புத்தகத்தில் அது இரண்டே வரி. வேப்பனூத்துச் சாவடியில் அதைச் சொல்லி முடிக்க இரண்டு மணி நேரம் பிடித்தது.

"ரெண்டையும் ஒரே பெட்டியில போட்டா ஒண்ண ஒண்ணு அழிச்சிராதா சாமி?" என்றான் காளை. வாயாடி. கூட்டத்தில் முன்வரிசை.

"அழிக்காது. ரெண்டும் நம்ம வக்கீலுக்குத்தான் சேரும்."

"அப்ப ரெண்டு சீட்டு எதுக்கு? ஒண்ணையே பெருசா அடிச்சுக் குடுக்க வேண்டியதுதான?"

சிரிப்பு அடங்கியதும் ஒரு கிழவர் நிதானமாகச் சொன்னார்: "சிவப்புக்காரரும் வந்து கும்பிட்டுட்டுப் போயிருக்காக. அவுகளுக்கு ஒண்ணு, ஒங்களுக்கு ஒண்ணு. ரெண்டு வீட்டுக் கல்யாணத்துக்கும் போன மாதிரி இருக்கும். யாருக்கும் மனத்தாங்கல் இல்ல."

"ஐயோ, அப்படிப் போட்டா ரெண்டுமே வீணுங்க!"

"வீணாப் போனாலும் மரியாதை இருக்குல்ல?"

ஒரு மாதமாக நான் எல்லோரையும் 'நீங்க' என்றுதான் பேசினேன். அதற்கு முன் இதே ஜனங்கள் மதுரைக்கு வந்து எங்கள் ஆபீஸ் வாசலில் நின்றால், 'என்னடா வேணும்?' என்றுதான் கேட்போம். அந்த வித்தியாசம் அவர்களுக்கும் தெரிந்தே இருந்தது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கடைசியில் அந்த ஆள் வாயைத் திறந்தான். முத்துக்கருப்பன். நாற்பது வயது, கறுத்த நெடிய உடம்பு, பதினெட்டு ஏக்கர் மானாவாரிப் பருத்தி. ஊரில் எது நடந்தாலும் அவன் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

"போன எலெக்‌ஷனுக்கு ஒருத்தரு மாலையோட வந்தாரு. ரோடு போட்டுத் தாரேன்னாரு. அந்த ரோட்டு வழியாத்தான் திரும்பி வருவேன்னாரு. ரோடும் வரல, அவரும் வரல."

"எங்க வக்கீல் அப்படியில்லை. ரேகைச் சட்டத்தை எடுக்கச் சொல்லிச் சட்டசபையில் முதல் பேச்சே பேசப்போறார்."

அந்த ஊரில் ஆண்பிள்ளை வாலிபனானால் போலீஸ் ஸ்டேஷனில் கைரேகை கொடுக்க வேண்டும். திருடியிருக்க வேண்டியதில்லை. அந்தக் குலத்தில் பிறந்திருந்தால் போதும். பெரும்பாலோருக்கு ரேகையோடு சரி. சிலபேர் ஊர் எல்லையைத் தாண்டவே கிராம மணியகாரர் எழுதித் தரும் ராதாரிச் சீட்டு வேண்டும். சீட்டில்லாமல் பிடிபட்டால் கேஸ். வேப்பனூத்தில் அப்படிப்பட்டவன் ஒருவன்தான். முத்துக்கருப்பன்.

அவன்மேல் ஏற்கெனவே இரண்டு கேஸ். ஒருமுறை காணாமல்போன உழவு மாட்டைத் தேடி எல்லை தாண்டினான். இன்னொருமுறை மாமனார் செத்ததற்கு ஓடினான். மூன்றாவது முறை பிடிபட்டால் ஜெயில் நிச்சயம்.

"வோட்டுச் சாவடி உசிலம்பட்டியில. நாலு மைலு" என்றான் அவன். "நான் வந்தா இவுக அம்புட்டுப் பேரும் வருவாக. மணியகாரர் மலையாண்டிகிட்டச் சீட்டுக் கேட்டேன். புஸ்தகம் தீந்துபோச்சு, எலெக்‌ஷன் முடிஞ்சு வாங்கிக்கன்னுட்டாரு."

மலையாண்டி மில் முதலாளியின் ஆள். சீட்டுப் புத்தகம் ஏன் தீர்ந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

அப்போதுதான் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. யோசித்துச் சொன்னதாகச் சொல்ல மாட்டேன், யோசிக்கவேயில்லை. பையிலிருந்து வோட்டர் நம்பர் எழுதிய பச்சைத் துண்டுச் சீட்டை எடுத்து அவன் முன்னால் ஆட்டினேன்.

"ராதாரிச் சீட்டு எதுக்கு? இது சர்க்கார் நடத்துற எலெக்‌ஷன். இந்தச் சீட்டு கையில இருந்தா அன்னிக்கு ஒரு போலீஸ்காரனும் ஒங்களைத் தொட முடியாது. இதுதான் அன்னிக்கு ராதாரி."

அப்படி ஒரு விதி உண்டா? எனக்குத் தெரியாது. இருந்தால் நன்றாயிருக்கும் என்று மட்டும் தெரியும்.

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஒரு பெண் முன்னால் வந்தாள். ஒச்சாயி, முத்துக்கருப்பனின் மனைவி.

"பொம்பள பேசுறேன்னு கோவிச்சுக்கிராதீக சாமி. வெள்ளாமை காட்டுல வெடிச்சு நிக்குது. இந்த மனுசன் உள்ள போனா பருத்தி அம்புட்டும் காத்துல போயிரும். சூடம் அணைச்சுச் சொல்லுவீகளா?"

"தாராளமா" என்றேன்.

ஊரே கோயில் வாசலுக்கு நடந்தது. கருப்பசாமி சூலத்துக்கு முன்னால் சூடத்தை ஏற்றினார்கள். அந்த ஊரில் அதற்கு மேல் கோர்ட்டு கிடையாது. நான் என்ன நினைத்தேன் என்பதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். இது அவர்கள் சாமி. என் சாமி மதுரையில் இருக்கிறது. அணைத்தால் கை கொஞ்சம் சுடும், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"இந்தச் சீட்டோட வந்தா முத்துக்கருப்பனுக்கு ஒண்ணும் வராது. சத்தியம்."

உள்ளங்கையால் அணைத்தேன். கை சுட்டது.

முத்துக்கருப்பன் தலையை அசைத்தான்.

*

எலெக்‌ஷனன்று காலை ஒன்பது மணிக்கெல்லாம் வேப்பனூத்து வந்துவிட்டது. நாற்பத்தொரு பேர், வெளுத்த வேட்டி, நெற்றியில் திருநீறு. முன்னால் முத்துக்கருப்பன். கையில் பச்சைச் சீட்டைக் கல்யாண வெற்றிலை போல இரண்டு விரலால் பிடித்திருந்தான்.

சாவடி ஒரு பள்ளிக்கூடம். உள்ளே மேஜையருகில் மணியகாரர் மலையாண்டி உட்கார்ந்திருந்தார். வருகிறவன் இன்னான் என்று அடையாளம் சொல்வது அவர் வேலை. முத்துக்கருப்பனைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு நொடி மாறியது. பிறகு மிக மரியாதையாக, "ஆமாங்க, முத்துக்கருப்பன்தான். ஆள் சரி" என்றார். சொல்லிக்கொண்டே தலையாரியின் காதில் ஏதோ முணுமுணுத்தார். தலையாரி பின்வாசலால் போனான்.

நான் வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்தேன். தடுக்க எனக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. முத்துக்கருப்பனைப் பக்கத்துத் தோப்புக்குள் தள்ளிவிட்டிருக்கலாம். ஆனால் அவன் இன்னும் பெட்டிக்குப் போகவில்லையே!

அவன் மறைப்புக்குள் போனான். இரண்டு சீட்டும் பச்சைப் பெட்டியில் விழுந்தன. சிரித்துக்கொண்டே வெளியே வந்தான்.

வாசலில் ஏட்டு நின்றிருந்தார்.

"ராதாரி எங்கடா?"

"இந்தாங்க" என்று பச்சைச் சீட்டை நீட்டினான்.

ஏட்டு வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பட்டாபிராமனுக்கே வோட்டளியுங்கள்னு போட்டிருக்கு. பட்டாபிராமன் என்னடா, இந்த ஸ்டேஷனுக்கு சப்-இன்ஸ்பெக்டரா? நட!"

"சாமி!" என்று முத்துக்கருப்பன் என்னைப் பார்த்துக் கூப்பிட்டான். பயந்த குரல் அல்ல. 'இவருக்குத் தெரியலை, வந்து சொல்லுங்க' என்ற குரல்.

எனக்கும் அவனுக்கும் பத்தடி தூரம். வரிசையில் வேப்பனூத்துக்காரர்கள் நாற்பது பேர் பாக்கி. ரகளை வந்தால் கலைந்துவிடுவார்கள். நான் திரும்பி வரிசையைப் பார்த்தேன்.

"ஒண்ணுமில்லை, சும்மா விசாரிச்சுட்டு விட்டுடுவா. நகருங்கோ, நகருங்கோ. ரெண்டும் பச்சை!"

காளை மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தான். ஆனாலும் உள்ளே போனான். எல்லோரும் போனார்கள்.

பட்டாபிராமன் முப்பத்தேழு வோட்டில் ஜெயித்தார். வேப்பனூத்துச் சீட்டு மட்டும் எண்பத்திரண்டு.

*

பத்து நாள் கழித்து எனக்குச் சம்மன் வந்தது. முத்துக்கருப்பன் வக்கீல் வைக்கவில்லை. 'பச்சைப் பெட்டிச் சாமியைக் கூப்பிடுங்க, அவர் சொல்லுவார்' என்று மாஜிஸ்திரேட்டிடம் கேட்டிருக்கிறான்.

சம்மனை எடுத்துக்கொண்டு எஜமானிடம் போனேன். ஆபீஸ் முழுக்க ரோஜா மாலை வாசனை. வேப்பனூத்தில் நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஓய் ஹாலாஸ்யம், எனக்கு ஏஜெண்டு நீர். நீர் பொய்யான உறுதி கொடுத்து வோட்டு வாங்கினீர்னு கோர்ட்டுலே ஒரு வரி பதிவானாப் போதும். மில் முதலாளி எலெக்‌ஷன் செல்லாதுன்னு மறுநாளே கேஸ் போடுவான். நானும் போச்சு, ஒமக்குச் சொல்லி வெச்சிருக்கற பென்ஷன் உத்தியோகமும் போச்சு."

"நான் சொன்னது நிஜம் அண்ணா. அந்த மனுஷன் ஜெயிலுக்குப் போயிடுவான்."

"பொய் சொல்லும்னு நான் சொல்லலையே! வோட்டுப் போட அந்தச் சீட்டு போதும்னு சொன்னேன்னு சொல்லும். வோட்டுப் போட அது போதுமா போதாதா?"

"போதும்."

"அப்போ நிஜந்தானே?"

சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தார்.

உசிலம்பட்டிக்கு ரயிலில் போனேன். வழி நெடுக அந்த ஒரு வாக்கியத்தை உதட்டில் உருட்டிக்கொண்டே போனேன். செக்கானூரணி வருவதற்குள் அது எனக்கே நிஜமாகத் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

கோர்ட்டு வராந்தாவில் வேப்பனூத்து ஜனம் நின்றது. என்னைப் பார்த்ததும் ஒச்சாயி முகம் மலர்ந்தது. "வந்துட்டாக! நாந்தான் சொன்னேன்ல, வருவாகன்னு" என்று காளையின் தோளில் இடித்தாள். காளை அவள் தம்பி.

கூண்டில் ஏறிப் பிரமாணம் செய்தேன். மாஜிஸ்திரேட் கேட்டார்: "வோட்டுச் சீட்டு இருந்தால் ராதாரி வேண்டாம் என்று சொன்னீரா?"

"வோட்டுப் போட அந்தச் சீட்டு போதும் என்று சொன்னேன்."

"ராதாரியைப் பற்றி?"

"எனக்கு ஞாபகமில்லை."

மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டார். "உனக்கு இவரை ஏதாவது கேட்கணுமா?" என்று முத்துக்கருப்பன் பக்கம் திரும்பினார்.

அவன் எதிர்க் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தான். இத்தனை நாளில் கன்னம் ஒட்டியிருந்தது.

"சாமி, எங்க கோயில் வாசல்ல சூடத்த அணைச்சீகளா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

இதற்கு எஜமான் பதில் சொல்லிக் கொடுக்கவில்லை. அடுத்து வந்தது என் சொந்தச் சரக்கு.

"போகிற ஊரில் எல்லாம் கோயிலுக்குப் போனேன். அங்கேயும் போனேன். சூடம் காட்டினார்கள். பக்தியாகக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்."

பின்னால் யாரோ ஒருவர் மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. வேப்பனூத்தார் யாரும் கத்தவில்லை.

முத்துக்கருப்பன் கட்டையிலிருந்து கையை எடுத்தான். "போதும்ங்க" என்று மாஜிஸ்திரேட்டிடம் சொன்னான். "இவுகள எறங்கச் சொல்லுங்க."

ஆறு மாசம்.

*

மதுரை ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. கோர்ட்டு வெளியில் கருத்தக்கண்ணன் என்பவனின் காபிக் கடை. பெஞ்சின் கோடியில், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். திட்டுவார்கள், மண்ணை வாரித் தூற்றுவார்கள் என்று காத்திருந்தேன். உண்மையில் அதை விரும்பினேன். திட்டிவிட்டால் ஏதோ கொஞ்சம் கழியும்.

ஒச்சாயி வந்தாள். பின்னால் காளையும் ஏழெட்டுப் பேரும். அவள் கையில் ஒரு முழுத்தாள்.

"மேல் கோர்ட்டுக்கு மனுப் போடலாம்னு கோர்ட்டுச் சேவகர் சொல்றாரு. மனு எளுதுறவர் எளுத மாட்டேங்குறாரு. புது மெம்பரு பேரு அடிபடுதாம், பயமாம். இங்கன எளுதத் தெரிஞ்ச ஆளு வேற யாரு இருக்கா?" தாளைப் பெஞ்சில் வைத்தாள். "நீங்க எளுதுங்க."

"நானா?"

"ஒங்களுக்குத்தான நடந்தது தெரியும்."

அவள் குரலில் குத்தல் இருந்ததா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. விதை வாங்க வந்தவள் போலப் பேசினாள். காளை மட்டும், "அக்கா, இந்த ஆளு கையிலயா?" என்றான். "நீ எளுதுறியாடா?" என்றாள் அவள்.

எழுதாமல் எழுந்து போயிருக்கலாம். எழுதினால், எஜமான் வீட்டுக் கதவு எனக்கு மூடிக்கொள்ளும். என் கையெழுத்து அவருக்கு நன்றாகத் தெரியும். பேனாவை எடுத்தேன். கை என்னவோ பழக்கத்தில் எடுத்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். புருஷன் பேரை அவள் சொல்லவில்லை. "அவுக பேரு ஒங்களுக்குத் தெரியும், போட்டுக்கங்க" என்றாள். மணியகாரர் சீட்டு இல்லை என்றது, நான் வந்தது, எல்லாம் வந்தது.

"இப்ப எளுதுங்க: ஆலாசியம்னு ஒரு ஆளு எங்க சாமி முன்னால பொய்ச் சத்தியம் பண்ணி எம் புருசன வரச் சொன்னான். கோர்ட்டுலயும் வந்து பொய் சொன்னான்."

'சொன்னான்' என்றாள். என் எதிரில் அவள் முதல் முறையாக அப்படிச் சொன்னாள்.

"எளுதிட்டீகளா?"

"எழுதிட்டேன்."

கீழே 'எழுதியவர்' என்று போட்டுக் கையெழுத்திட்டேன். மனு எழுதுகிறவரிடம் இரவல் வாங்கி வந்திருந்த மைப்பெட்டியைக் காளை திறந்தான். ஒச்சாயி கட்டைவிரலை நீட்டினாள். நீட்டியவள், பாதியில் நிறுத்தினாள்.

"கருத்தக்கண்ணா, நீ பேப்பரு படிப்பியில்ல? இத வாசி. சத்தமா வாசி."

கடைக்காரன் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினான். காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். கோர்ட்டுக்கு வந்த வேறு ஊர்க்காரர்களும் நெருங்கி நின்றார்கள். அவன் எழுத்தெழுத்தாக, ஆனால் கணீரென்று வாசித்தான்.

"...மேற்படி ஹாலாஸ்யம் என்பவர் விதிகளைச் சரிவர அறியாமல் அளித்த தகவலின் பேரில் மேற்படியார் நம்பிக்கையாக..."

"நிறுத்து" என்றாள் ஒச்சாயி.



"நான் சொன்னது அது இல்லையே! பொய்ச் சத்தியம் எங்க? கோர்ட்டுல பொய் சொன்னது எங்க?"

கருத்தக்கண்ணன் தாளை மேலும் கீழும் பார்த்தான். "இல்ல ஆத்தா. அந்த வார்த்தை இதுல எங்கயும் இல்ல."

நான் வாயைத் திறந்தேன். 'மனு பாஷை அப்படித்தான் இருக்கும்' என்று சொல்லப் போனேன். அதுவும் ஒரு வகையில் நிஜந்தான்! அந்த நினைப்பு வந்ததும் எனக்கு உடம்பு கூசியது. அத்தனை பேர் முகமும் என்மேல் இருந்தது. அவர்களில் பாதிப் பேருக்கு நான் யார் என்றே தெரியாது. அடுத்த நிமிஷம் தெரியப் போகிறது.

ஒச்சாயி தாளை வாங்கி மறுபடி என் முன்னால் வைத்தாள்.

"ஒங்களுக்குக் கை வரலைன்னா வார்த்தைய நான் ஒவ்வொண்ணாச் சொல்றேன்" என்றாள். "பொய்."

அந்த வரியை அடித்தேன். மேலே எழுதினேன்: பொய்.

"சத்தியம்."

எழுதினேன்.

"பண்ணி."

இப்படி வார்த்தை வார்த்தையாகச் சொல்லி முடித்தாள். எனக்குத் தெரிந்த தமிழில் அதற்கு ஒளிந்துகொள்ள வேறு வார்த்தை கிடைக்கவில்லை. மனுவில் அடித்தல் இருந்தால், எழுதினவன் ஓரத்தில் அதற்கும் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் மேல் கோர்ட்டில் செல்லாது. அது அங்கே என் ஒருவனுக்குத்தான் தெரியும். போடாமல் விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

போட்டேன்.

ஒச்சாயி இன்னும் விரலை வைக்கவில்லை. தாளைக் கருத்தக்கண்ணனிடம் கொடுத்தாள்.

"மொதல்லருந்து வாசி" என்றாள்.